பன்னிரண்டாவது நுரைப்பூச்சி

எங்கள் அருங்காட்சியகத்தில் பறவை அறைக்கும் பூச்சி அறைக்கும் நடுவில் ஒரே ஒரு மரக்கதவுதான். அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. பறவை அறை என் பொறுப்பு. பூச்சி அறை சீட்டக்காவின் ராஜ்யம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும், மதியத்தில் சீட்டாட்டம் நடக்கும் போலிருக்கிறது, நாமும் ஒரு கை சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஓர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி எழுதிக்கொண்டிருப்பாள். வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்விடுவார்கள்.

சீட்டு எழுதுவதுதான் அக்காவின் வேலை. குண்டூசியில் ஏற்றிய ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே, அதே ஊசியில், சுண்டுவிரல் நகமளவு தாள் ஒன்று செருகியிருக்கும். பூச்சி எங்கே பிடிபட்டது, எந்தத் தேதியில், யார் பிடித்தது என்பது அதில் இருக்கும். நான் நாரையையும் கழுகையும் பஞ்சடைத்து நிறுத்துகிறவன். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று என் வேலையை ஊரே வாயைப் பிளந்து பார்க்கும். அக்காவின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடி கடன் வாங்க வேண்டும்.

"உங்க எழுத்தைப் படிக்க அந்தப் பூச்சியே எந்திரிச்சு வந்தாத்தான் உண்டு" என்று சீண்டுவேன்.

"உன் கழுகை எங்க புடிச்சாங்க, எப்ப புடிச்சாங்கன்னு ஒரு சீட்டு இருக்கா? இல்லல்ல? அப்ப அது கழுகு இல்ல தம்பி, தலகாணி" என்பாள்.

இருபத்திரண்டு வயதில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவள் அவள். அந்த ஆறு மாதம் முப்பத்தாறு வருடமாக நீண்டுவிட்டது. மை உலரும்வரை தேநீரைத் தொடமாட்டாள். எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது அலமாரியைப் படாரென்று சாத்தினால் அன்று முழுக்க அவரோடு பேச்சு கிடையாது. எதையும் தூக்கி எறியவும் மாட்டாள். பூச்சிகள் வந்த காலிக் காகித உறைகளைக்கூட வருடவாரியாக பிஸ்கட் டின்களில் அடுக்கி, அலமாரிக்கு மேல் கூரை முட்ட ஏற்றி வைத்திருந்தாள். காலி உறையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள். இப்படிப்பட்ட ஆளிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா?

ஏழு வருடங்களுக்கு முன் அந்த அறையில் இரண்டாவதாக ஒரு மேசை போட்டார்கள். அதில் வந்து உட்கார்ந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் நுரை டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூச்சியில் பட்டம் வாங்கியவர். நாற்பதைத் தொட்ட பெண். சிரித்தால் வராந்தா முழுக்கக் கேட்கும். நுரைப்பூச்சிகளில் ஒரே ஒரு பேரினத்தை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை இனம், எது எங்கே வாழ்கிறது, எதற்கு எது நெருங்கிய உறவு என்று முழுசாக ஒரு புத்தகம் எழுத வந்திருந்தார்.

மழைக்காலத்தில் செடித்தண்டில் யாரோ துப்பிவிட்டுப் போனதுபோல் வெள்ளையாக நுரை இருக்குமே, அதற்குள் தலைகீழாக உட்கார்ந்திருப்பதுதான் இந்தப் பூச்சியின் குஞ்சு. தண்டின் சாற்றை வயிறு முட்டக் குடிக்கும். மிஞ்சியதைப் பின்வழியே விட்டு, அதில் காற்றை ஊதி நுரையாக்கி, அந்த நுரைக்குள்ளேயே வெயிலுக்கும் எதிரிக்கும் தப்பி வளரும். தன் கழிவுநீரில் தானே மாளிகை கட்டிக் குடியிருக்கிற பிராணி உலகத்தில் இது ஒன்றுதான் என்று நான் சொன்னபோது, "மனுஷன் மட்டும் என்னவாம்?" என்றாள் அக்கா. வளர்ந்ததும் நுரையை விட்டு வெளியே வந்துவிடும். கறுப்பு உடம்பு, இறக்கையில் குறுக்கே சிவப்புப் பட்டை. தொட்டால் துள்ளிக் குதித்துக் காணாமல் போகும். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

டாக்டர் எந்தெந்த ஊர் அருங்காட்சியகங்களிலிருந்தோ பெட்டி பெட்டியாகப் பூச்சிகளை இரவல் வாங்கினார். ஆண் பூச்சியின் வால் நுனியை எடுத்துக் காரநீரில் கொதிக்கவைத்து, உள்ளுறுப்பின் வடிவத்தைப் படமாக வரைந்தார். வால் நுனி ஒத்துப்போனால் ஒரே இனம், ஒத்துப்போகாவிட்டால் வேறு இனம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் மயிரிழை வித்தியாசம் வரும்போதுதான் தலைவலி. அப்போது பூச்சி எந்த ஊர்க்காரன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதற்குச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. ஒவ்வொரு சீட்டையும் படித்து அதில் ஒரு புள்ளி வைப்பார். இனத்துக்கு ஒரு நிறமாக, ஏழு வருடத்தில் பதினொரு நிறங்களில் புள்ளிகள் சேர்ந்தன. அத்தனையும் பெருநிலத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட மழைக்காடுகளில்.

பன்னிரண்டாவது நிறம் போன வருடம் வந்தது. கரையிலிருந்து அறுபது மைல் கடல் தாண்டி ஒரு தீவு. அந்தத் தீவுச் சீட்டோடு எங்கள் இழுப்பறை ஒன்றில் ஐந்து பூச்சிகள், இருபத்தாறு வருடமாக யாரும் சீண்டாமல் இருந்தன. சிவப்புப் பட்டை நடுவில் உடைந்திருந்தது. வால் நுனியில் மயிரிழை வித்தியாசம்.

"அக்கா, இது வேற இனம்! கடலைத் தாண்டிப் போயிருக்கு!" என்று டாக்டர் துள்ளிக் குதித்ததில், எது நுரைப்பூச்சி என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

அறுபது மைலைத் துள்ளித் தாண்ட எந்தப் பூச்சியாலும் முடியாது. ஆகவே ஒரு காலத்தில் தீவும் பெருநிலமும் ஒட்டியிருந்திருக்க வேண்டும், நடுவில் கடல் புகுந்து, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவை தனி இனமாகியிருக்க வேண்டும் என்று டாக்டர் எட்டுப் பக்கம் எழுதினார். புத்தகத்திலேயே நல்ல பகுதி அதுதான். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, புது இனத்துக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"இந்த அறையில நான் பாத்த ஒவ்வொரு பூச்சியும் எங்க பொறந்ததுன்னு எனக்குச் சொன்னது நீங்கதானே."

"அது சீட்டு சொன்னது."

"சீட்டு யாரு எழுதுனது?"

 அக்காவின் பெயருக்குக் கடைசியில் லத்தீன் முறைப்படி ஒரு வால் ஒட்டினால் இனத்தின் பெயர் தயார். டாக்டர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் தையற்காரர். கீழே கடை, மேலே வீடு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. விஷயம் தெரிந்த அன்று நான் கடைக்குப் போனபோது, மனுஷர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்க மச்சான்! பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையேன்னு என் சொந்தக்காரங்க எத்தனை வருஷம் என்னைக் குத்திக்காட்டுனாங்க? இப்பப் பாத்தீங்களா, பேர் சொல்ல ஒரு பூச்சி வந்திருச்சு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அளவெடுக்க வருகிற ஒவ்வொருவருக்கும், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். கறுப்புத் துணியில் குறுக்கே சிவப்புப் பட்டை வைத்து, பட்டையை நடுவில் உடைத்து, அக்காவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோக ஒரு பையும் தைத்தார். தெருப் பெண்கள் அக்காவைக் கண்டால் ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டினார்கள். "வேற வேலை இல்ல இவருக்கு, ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டாரு" என்று என்னிடம் வந்து திட்டினாள். திட்டும்போதே முகம் மலர்ந்திருந்தது. அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். முப்பத்தொரு வருடத்தில் நான் பார்க்காத சந்தோஷம்.

புது இனத்துக்குப் பெயர் வைக்கும்போது அதற்குச் சாட்சியாக ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்துச் சிவப்புச் சீட்டுக் குத்துவார்கள். பிற்காலத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தப் பூச்சியைத்தான் வந்து பார்க்க வேண்டும். மற்றவர்கள் பெயருக்கு அக்கா நாற்பது ஐம்பது சிவப்புச் சீட்டு எழுதியிருப்பாள். புத்தகம் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தபோது, அவள் பெயருக்கான சீட்டை அவளையே எழுதச் சொன்னார் டாக்டர்.

அக்கா கையைக் கழுவினாள். புது நிப்பு மாட்டினாள். எழுதுமுன், பூச்சி சுத்தமாக இருக்கிறதா என்று ஊசியைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இந்தச் சின்னப் பூச்சிகளின் உடம்பில் ஊசியை நேராகக் குத்த முடியாது. முக்கோண அட்டைத் துணுக்கு ஒன்றில் ஒட்டி, அட்டையைத்தான் ஊசியில் ஏற்றுவார்கள். அந்த அட்டையின் ஓரம் வெளுத்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த தடம். மற்ற நான்கையும் பார்த்தாள். அவற்றிலும் இருந்தது.

பூஞ்சை பிடித்த பூச்சியைத்தான் ஸ்பிரிட்டில் துடைப்பார்கள்.

அக்கா பேனாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, ஏணியைக் கொஞ்சம் புடி." இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய பிஸ்கட் டின்னைக் கூரையோரத்திலிருந்து இறக்கினாள்.

இங்கே மேற்படியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டில் பிடித்த பூச்சிகளை உறையில் போட்டு, மேலே இடமும் தேதியும் எழுதி, கட்டாகக் கட்டி டின்னில் அனுப்புவார்கள். இங்கே அவற்றை ஈரமணல் பெட்டியில் வைத்து மிருதுவாக்கி, ஊசியில் ஏற்றி, உறையில் உள்ளதைப் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்காகக் காடு சுற்றிய மனிதர் ஒருவர் இருந்தார். ஓர் இடத்தில், கட்டின் உச்சியில் வருகிற முதல் உறைக்கு மட்டும் இடத்தின் பெயரையும் தேதியையும் எழுதுவார். அடுத்து வருகிற முப்பது உறைக்கும் ‘மேற்படி’தான். விடுப்பு விண்ணப்பத்தில்கூட ‘காரணம்: மேற்படி’ என்று எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடமாகிறது. உறைகளின் வரிசை கலையாதவரை மேற்படியால் யாருக்கும் ஆபத்தில்லை.

அந்த வருடம் வந்த டின்னில் இரண்டு கட்டுகள் இருந்தன. அடியில் பெருநிலத்து மலைமேல் முகாமில் பிடித்தவை. மேலே, அதற்குப் பிறகு தீவில் பிடித்தவை. அப்போது விடாத மழை. அக்கா மேலிருந்து தீவுக் கட்டை எடுத்து வரிசையாக வேலை செய்துகொண்டிருந்தாள். பாதியில் டின்னின் அடியில் ஈரம் ஏறிப் பூஞ்சை பூத்திருப்பதைக் கண்டாள். விட்டால் பூச்சிகள் பாழாகிவிடும். அடியிலிருந்து ஆறு உறைகளை மட்டும் உருவி, அவசரமாகத் துடைத்து ஊசியில் ஏற்றினாள். நல்ல வேலைக்காரி அதைத்தான் செய்வாள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சீட்டு எழுத உட்கார்ந்தது மறுநாள். கடைசியாக எழுதியிருந்தது தீவின் பெயர். அடுத்த உறையை எடுத்தாள், ‘மேற்படி’ என்றிருந்தது. கை தானாகத் தீவென்று எழுதியது.

இதை அவள் நினைவிலிருந்து மட்டும் சொல்லவில்லை. உறைகளை மேசையில் பரப்பிக் காட்டினாள். ஈரக்கறை ஓர் உறையோடு நிற்காது, பக்கத்து உறைக்கும் ஊறும். ஐந்து நுரைப்பூச்சிகள் வந்த உறையில் காதறுந்த செருப்பு மாதிரி ஒரு கறை இருந்தது. தீவு உறைகள் அத்தனையும் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். மலைமேல் முகாம் கட்டின் அடி உறைகளிலோ அதே செருப்பு, உறைக்கு உறை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது. அவற்றுக்கு நடுவில் நாலாவதாக அந்த உறையை வைத்தாள். கறைகள் ஓரம் பிசகாமல் பொருந்தின.

"தீவுல இந்தப் பூச்சி இருந்ததே இல்ல, தம்பி" என்றாள். "கடலைத் தாண்டி அனுப்பி வச்சது நான்தான்."

 தீவு இல்லையென்றால் புது இனம் இல்லை. மலைமேல் முகாமில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஓர் இனம் உண்டு. அதில் பட்டை கொஞ்சம் உடைந்த வகை, அவ்வளவுதான். புது இனம் இல்லையென்றால் பெயரும் இல்லை. டாக்டரின் எட்டுப் பக்கமும் குப்பைக்கூடைக்கு.

இதற்கு நான் சொன்ன யோசனையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பறவைகளோடு இருந்ததில் பெயர் வைக்கிற சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். முறையாக அச்சில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது. இனம் தப்பென்று பிற்பாடு தெரிந்தாலும், சரியான பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதையும் போட்டுத்தான் தீர வேண்டும். அச்சேறுமுன் செத்தால் அது பிறக்காத பெயர்.

"அக்கா, மூணே வாரம். வாயை மூடிக்கிட்டு இருங்க. புஸ்தகம் வரட்டும். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுங்க. பேரு நின்னுரும். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறமும் நிக்குமா?"

"நிக்கும். சின்ன எழுத்துல. ஆனா எத்தனை நூறு வருஷமானாலும் நிக்கும்."

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உறைகளை அடுக்கி டின்னில் வைத்து, டின்னை ஏற்றாமல் மேசைக்கடியில் தள்ளினாள். மூன்று நாள் சிவப்புச் சீட்டு எழுதவில்லை. டாக்டர் கேட்டதற்கு மை சரியில்லை என்றாள். மை சரியில்லையாம்! தன் மையைத் தானே குறை சொல்கிற அக்காவை நான் அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

நாலாம் நாள் டாக்டர் வராந்தாவிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, படகு கிடைச்சிருச்சு! மழை வந்ததும் தீவுக்குப் போறேன். ரெண்டு மாசம். வீட்டுல எல்லாரையும் சம்மதிக்க வச்சிட்டேன். செடி செடியாத் தேடுவேன். உங்க பூச்சியோட நுரையை ஒரே ஒரு தடவை என் கண்ணால பாத்தாப் போதும்."

நான் கதவருகில் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"அங்க இருக்காது, டாக்டர்" என்றாள்.

டின்னை இழுத்து மேசைமேல் வைத்தாள். எனக்குக் காட்டியதுபோலவே ஒவ்வோர் உறையாக அடுக்கிக் காட்டினாள். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரே உறைகளைக் கலைத்து, அவரே மறுபடி அடுக்கிப் பார்த்தார். கறை அவருக்கும் அதே கதையைத்தான் சொன்னது.

"இருபத்தாறு வருஷமா இந்தச் சீட்டு இங்கதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"நான் உங்க எழுத்தை நம்பித்தானே எழுதினேன்?"

"ஆமா. என்னை நம்பித்தான் எழுதினீங்க. தப்பு என்னோடது."

டாக்டர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது? மூன்றாம் நாள் வந்தவர் யாரோடும் பேசாமல், மலைமேல் முகாமின் பழைய இனத்தில் இருந்த அறுபது பூச்சிகளையும் எடுத்து, பட்டையைப் பார்த்து வரிசையாகக் குத்தினார். முழுப்பட்டை, மெலிந்த பட்டை, நடுவில் இடுங்கிய பட்டை, கீறல் விழுந்த பட்டை. கடைசியில் இந்த ஐந்தையும் வைத்தார். எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கும் தெரியவில்லை போலும்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்க" என்றார். வரைபடத்திடம் போய், தீவின் மேலிருந்த பன்னிரண்டாவது நிறப் புள்ளியைப் பிளேடால் சுரண்டினார்.

அன்று சாயங்காலம் நானும் அக்காவோடு கடைக்குப் போனேன். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தையற்காரர் இயந்திரத்தை மிதித்தார். தைத்து முடித்த பிறகுதான், ஊசியில் நூலே இல்லை என்பதைப் பார்த்தார்.

"போனாப் போகுது. பூச்சி வந்தா நமக்குக் கடைசிக் காலத்துல தண்ணி ஊத்தப்போகுது?" என்றார். அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் பூச்சியைப் பற்றிக் கேட்டால், வாயில் இன்னும் இரண்டு ஊசியைச் சேர்த்து வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா அத்தோடு விடவில்லை. மேற்படியார் அனுப்பிய டின் ஒவ்வொன்றையும் இறக்கி, எண்ணூறு சொச்சம் உறைகளையும் சீட்டுகளோடு ஒத்துப்பார்த்தாள். ஏழு வாரம் ஆனது. அந்த ஆறு உறைகளிலிருந்து வந்த வண்டும் ஈயும் சேர்த்து இருபத்து மூன்று பூச்சிகளின் சீட்டு தப்பு. வேறொரு பயணத்தில் இன்னும் மூன்று. தப்பான சீட்டை அவள் கிழிக்கவில்லை. அதை அப்படியே விட்டு, அதன் கீழே சரியான இடத்தை எழுதிப் புதுச் சீட்டுக் குத்தினாள். டாக்டரும் எட்டுப் பக்கத்தை எடுத்துவிட்டு, புத்தகத்தைத் தள்ளிப்போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை செய்தார்கள். பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது. முதலில் ‘அந்தப் பசையைக் குடுங்க’, பிறகு ‘சாப்பிட்டீங்களா’.

கடைசியாக அந்த ஐந்து பூச்சிகளைப் பற்றி ஒரு குறிப்பு சேர்க்க வேண்டியிருந்தது. டாக்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். "‘தீவு என்று சொல்லும் சீட்டுகள் தவறானவை. இவை மலைமேல் முகாமைச் சேர்ந்தவை.’ போதும்ல அக்கா?"

"தவறுன்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க அன்னைக்கு இங்க இல்லையே. நாளைக்கு ஒருத்தர் வருவாரு. சீட்டு தீவுன்னு சொல்லுது, இவங்க இல்லன்னு சொல்றாங்க, எதை நம்புறதுன்னு நிப்பாரு. படகு ஏறித் தேடவும் போவாரு. எழுதுன ஆளே சொன்னான்னு இருந்தாத்தான் விஷயம் முடியும். என் பேரைப் போடுங்க."

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "நல்லதுக்கு உங்க பேரைப் போட ஆசைப்பட்டேன் அக்கா. அதுக்குக் குடுத்து வைக்கல. இதுக்குப் போய்ப் போடச் சொல்றீங்களே. முப்பத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை உங்க பேரு அச்சுல வருது, அது தப்புக்கா வரணும்?"

"வேண்டாம்கா" என்று நானும் குறுக்கே விழுந்தேன். "ஏற்கெனவே என் பேச்சைக் கேக்கல. இதையாவது கேளுங்க."

"உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் இவங்க தீவுல செடியைப் புரட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றாள். 

புத்தகம் வந்தது. பதினொரு இனங்கள். நூற்று எழுபதாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்: தீவுச் சீட்டுகள் தவறு, உறைகளின் ஈரக்கறையைக் கொண்டு கண்டறிந்தவர், அச்சீட்டுகளை எழுதியவரே. பக்கத்தில் தலைப்பெழுத்தோடு அக்காவின் முழுப்பெயர். லத்தீன் வால் எதுவும் இல்லை.

அதைக் கடைக்கு எடுத்துப்போனது நான்தான். தையற்காரர் கழுத்தில் நாடாவோடு நின்று இரண்டு முறை படித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு மச்சான்? இவ தப்பு செஞ்சான்னா, இவ கண்டுபுடிச்சான்னா?"

"ரெண்டும்தான் மாமா."

 அவர், சட்டைக்கு அளவு கொடுக்கக் கையை விரித்தபடி நின்றிருந்த ஒருவரிடம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பாத்தீங்களா, என் வீட்டுக்காரி" என்றார். அந்த ஆள் கையை இறக்காமலே தலையை நீட்டிப் படித்தார்.

நான் பறவை அறைக்கு வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் என் வேலையில் நான் ஒரு தவறைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அதைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போதெல்லாம் சொல்வதில்லை.